கிளீனர் பக்கம்

சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு எழுதிய மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டுவிட்டது. அவள் மட்டும் போடவில்லை. மகளைப் பறிகொடுத்தவளே போடாத மனுவை எந்த முகத்தோடு அதிகாரியிடம் நீட்டுவது என்று சைக்கிள் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவன் பாத்துட்டுத்தான் ஏத்துனான். அதை முதல்ல எழுதுங்கண்ணே. அப்புறம் பாதை கீதை எல்லாம் கேளுங்க."

"அது கேஸு, தாயி. இது மனு. ரெண்டையும் சேத்தா தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க."

"போடட்டும்."

மண்டியில் மூட்டை தூக்குகிறவள். பிடித்தால் விடமாட்டாள்.

மகள் தையல் கம்பெனிக்குப் போகிற வழியில், முக்கில், சிமெண்ட் லாரிக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நின்றாள். சிக்னல் விழுந்தது. லாரி திரும்பியது. அவ்வளவுதான். "பார்க்கவில்லை" என்றான் டிரைவர். வளர்ந்த பெண், மஞ்சள் துப்பட்டா, பட்டப்பகல், பார்க்கவில்லையாம். பார்த்தான் என்றால் அவன் கொலைகாரன். கொலைகாரனை வெறுக்கலாம். அந்த வெறுப்பை ஊன்றிக்கொண்டுதான் தினமும் பாயைவிட்டு எழுந்தாள்.

கடைக்காரருக்குப் பேசி மாளவில்லை. "நீயே ஏறிப் பாரு" என்று, லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் தன் மச்சானிடம் சொல்லி, அதே மாதிரி லாரி ஒன்றை நிறுத்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் திரண்டு போனார்கள்.

மகள் நின்ற இடமென்று போலீஸ்காரர் அன்று கோடு போட்டுக் காட்டிய கணக்குப்படியே, லாரியை ஒட்டி, டிரைவருக்கு மறுபுறமான இடப்பக்கம், வாடகைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் நின்றார்.

"யோவ், நான் பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் நகரக்கூடாது. பெல்லை அடிச்சுக்கிட்டே இரு. எம்பொண்ணு அடிக்காம இருந்திருக்க மாட்டா."

"அடிக்கிறேன். ஓட்டச் சொல்லாம விட்டியே, அது போதும்."

சிலர் சிரித்தார்கள். அப்பனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கப் பார்த்து மகள் கைகழுவியது தெருவுக்கே தெரியும்.

"பாத்து ஏறுங்கக்கா, படி உசரம்" என்றான் மச்சான்.

"மூட்டையோட பலகையில ஏறுறவளுக்குப் படி ஏறச் சொல்லித் தர்றியா?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்றபடியே மச்சான் சாவியைத் திருப்பினான். சீட்டு நடுங்கியது. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். லாரியின் விலா, ஷெட்டுச் சுவர், படுத்திருந்த நாய். சாய்ந்து பார்த்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"எங்க போயிட்டாரு?"

"அங்கேயேதான் நிக்கிறாரு."

"கண்ணாடியைத் திருப்பு."

"திருப்புனா பின்னால வர்றவன் தெரிய மாட்டான். முன்னெல்லாம் அந்தப் பக்கம் கிளீனர் உக்காந்து, ஆள் நிக்குதான்னு பாத்து சைடு சொல்லுவான். முதலாளிங்க அவனை நிறுத்திட்டாங்க. இப்ப அது ஆளே இல்லாத பக்கம்தான்."

காலியாகக் கிடந்த கிளீனர் சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் அழுக்குத் துண்டும் இருந்தன. அவற்றையே பார்த்தாள்.

"பெல் அடிக்கிறாரா?"

"அடிப்பாரு. இஞ்சின் சத்தத்துல இங்க கேக்காதுக்கா."

மறுபடியும் கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நெசமாவே பாக்கலை" என்றாள். "எம்பொண்ணு அங்க நின்னிருக்கா. அவனுக்கு அது வெறும் ரோடு."

கடைக்காரர் ஃபுட்போர்டில் ஏறி நின்றார். அவள் கை நீட்டி மனுவை வாங்கினாள். ஸ்டீயரிங்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இஞ்சின் அதிர்வில் எழுத்துக் கோணியது.

"நான் சொன்ன வரி வேண்டாம்ணே. லாரியும் சைக்கிளும் ஒண்ணா நிக்காம நடுவுல கல்லு கட்டச் சொல்லுங்க. கிளீனரையும் கேளுங்க."

"கேக்குறேன், தாயி."

"இனி நான் யாரைண்ணே திட்டுவேன்?"

அவர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மச்சான் சாவியைத் திருப்ப, இஞ்சின் அடங்கியது.

அப்போதுதான் கேட்டது. கீழே, அந்தப் பக்கம், விடாமல் அடிக்கிற பெல்.

"போதும், விடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"அவ இன்னும் சொல்லலியே" என்றது புருஷனின் குரல்.

பாத்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடியில் சுவர்தான் இருந்தது.