இரட்டை வேகத்தில் ஒரு சிரிப்பு

தம்பியின் சேனல் என் வரிசையில் வந்து நின்றபோது மத்தியானம் மூன்று மணி. அன்றைக்கு அது பதினேழாவது. சொந்தக்காரர் சேனல் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. நான் தள்ளவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நாமே மார்க் போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு திமிர்.

விளையாட்டு வீடியோ போடும் சேனல்களில் எது குழந்தைகளுக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்வது எங்கள் வேலை. பெற்றோர்கள் போனில் ஒரு செயலி வைத்திருப்பார்கள்; நாங்கள் பச்சை போட்டால் பிள்ளைகளுக்குத் திறக்கும், சிவப்பு போட்டால் மூடும். திரையின் ஓரத்தில் பதினோரு கட்டங்கள் இருக்கும். ரத்தம், கெட்ட வார்த்தை, சூதாட்டம், பயமுறுத்தும் சத்தம், இப்படி. எதிலும் டிக் விழவில்லை என்றால் பச்சை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்வார் மேலாளர். தினம் இருபது சேனல் முடிக்கவும் சொல்வார். ஆகவே எல்லோருமே இரட்டை வேகத்தில்தான் ஓட்டுவோம். அது மேலாளருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

தம்பியும் அவன் எட்டு வயது மகளும் கம்ப்யூட்டரில் கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டு அது. அவள் வீடு கட்டுவாள், அவன் கொளுத்துவான். 'தோத்தாங்கோளி, தோத்தாங்கோளி' என்று அவளைக் கூப்பிடுவான். எங்கள் கெட்ட வார்த்தைப் பட்டியலில் அந்தச் சொல் கிடையாது; எந்த வீட்டில்தான் பிள்ளைகளை அப்படிச் சொல்வதில்லை? அவள் முகம் மூலையில் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க ஒரு சத்தம். செயலியில் எல்லோரும் படிக்கிற குறிப்பை எழுதினேன்: 'அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். குடும்பத்தோடு பார்க்கலாம்.' பச்சை. அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ராஜ மரியாதை. பச்சை விழுந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் கூட்டம் எங்கேயோ போய்விட்டதாம். "வாக்கா, லைவா பாரு" என்று நாற்காலி போட்டான். தம்பி பெண்டாட்டி வீடியோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை இருபத்திரண்டு நாளாகக் கட்டிய வீட்டை எனக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். மாடிப்படிக்குக் கைப்பிடி கூட வைத்திருந்தாள். காட்டி முடித்ததும் தம்பி கொளுத்தினான்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதே சத்தம்தான் வந்தது, பாதி வேகத்தில். விக்கி விக்கி, மூச்சு கிடைக்காமல், நடுநடுவே 'வேணாம்பா, வேணாம்பா' என்று.

"ஏண்டா, பிள்ளை அழறாடா."

"அழுதாத்தான்க்கா ஓடுது. நீதானே பாத்துட்டு பச்சை போட்டே?"

"பழகிடும் அண்ணி" என்றாள் அவன் பெண்டாட்டி, விளக்கை இறக்காமலேயே.

முகம் கழுவ நான்தான் கூட்டிப்போனேன். குழாயைத் திறந்துவிட்டு அவள் கேட்டாள். "அத்தை, நான் சிரிக்கிறேன்னு எழுதினது நீங்களா? கிளாஸ்ல எல்லாரும் படிச்சாங்க. நான் அழுதேன்னு சொன்னா பொய்ங்கிறாங்க."

ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கழுவ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணு அழுது சார். சிவப்பு போடணும்."

"எந்தக் கட்டத்துல வருது?"

"கட்டமே இல்லையே சார்."

"பாக்குற பிள்ளை அழுதா சொல்லுங்கம்மா. நடிக்கிற பிள்ளையைப் பத்தி நம்மள யாரும் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, மொதல்ல பாத்தப்ப அழுகை கேக்கலையா உங்களுக்கு?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் தம்பி என்று, இரட்டை வேகம் என்று. சொன்னால் எட்டு மாதமாக நான் போட்ட பச்சை எல்லாவற்றையும் தோண்டுவார்கள். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கைக்கு வந்து, 'பயமுறுத்தும் சத்தம்' கட்டத்தில் டிக் போட்டேன். காரணம்: குழந்தையின் அழுகுரல். சிவப்பு. பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், வெட்கங்கெட்ட ஜென்மம்.

காரணம் சேனல்காரருக்குத் தானாகவே போய்விடும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத் தம்பி போன் பண்ணினான். குரலில் கோபமே இல்லை.

"அழுகைதான் பிரச்சனையாம்க்கா. எழுதியே அனுப்பிட்டாங்க. நல்லதாப் போச்சு. சரி பண்ணிட்டேன்."

"எப்படிடா சரி பண்ணே?"

"தினம் ரெண்டு மணி நேரம் பழக்கினேன். அழுதா மறுபடியும் முதல்லேர்ந்து கட்டணும்னு சொல்லிட்டேன். புத்திசாலி, பிடிச்சுக்கிட்டா."

மறு பரிசீலனை முதலில் பார்த்தவருக்கே வரும். வந்தது. இந்த முறை சாதாரண வேகத்தில் வைத்தேன். புது வீடு, முன்னதைவிடப் பெரியது. அவன் கொளுத்தினான். அவள் கை தட்டினாள். "நான் தோத்தாங்கோளி" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூரை விழும்வரை சிரித்தாள். விழுந்த பிறகும் சிரித்தாள். பதினோரு கட்டத்தையும் மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். ஒன்றிலும் டிக் போட இடமில்லை.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம். "க்யூட்டா இருக்கால்ல? யார் பொண்ணோ" என்றாள்.

கடைசியில் ஒரு சில நொடிகளை வெட்ட மறந்திருந்தான் தம்பி. "போதும்" என்று அவன் குரல் கேட்டது. சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது.

"சரியாச் சிரிச்சேனாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தபடி, வலிக்கிற கன்னங்களை அவள் இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திவிட்டுக்கொண்டாள்.