என் முகத்துக்கு வந்த மானியம்

காதுகுத்துக்கு வந்தவர்களில் செல்போனுக்கு முகம் காட்டியவர்கள்: அப்பா பச்சையப்பன், அம்மா கமலம், அண்ணன் ஸ்ரீநாத், சொர்ணம் பெரியம்மா, தசரதன் சித்தப்பா, கடைசியாக எழிலரசி என்கிற நான். காட்டச் சொன்னவர் அக்கா ரோஷினியின் கணவர் ஜெகதீஷ் மாமா. காது குத்தியது அவர்களுடைய மகளுக்கு. குழந்தை ஸ்ரீநாத்தின் மடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தபோதே மாமா போனை நீட்டி அவன் முகத்தைப் பிடித்துவிட்டார். அந்த நேரத்தில் தாய்மாமனால் எழுந்து ஓட முடியாது.

மண்டப வாசலில் மாலை போட்டு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றது. தாய்மாமன் சீர் என்று நினைத்து எல்லோரும் ஸ்ரீநாத்தின் கையைக் குலுக்கினார்கள். அவனும் மறுக்கவில்லை. உண்மையில் அது விளம்பரத்துக்காக மாமா கொண்டுவந்து நிறுத்திய ஷோரூம் வண்டி. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக அவருக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் இருக்கிறது. சீக்கிரமே அரசு மானியம் குறையப் போகிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு வண்டிக்குத்தான் மானியம்; அதற்கு அந்த ஆளின் முகமும் ஓடிபியும் போனில் பதிவாக வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? சொந்தக்காரர்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பது விசேஷத்தில்தான்.

"மூஞ்சியக் காட்டு, ஓடிபி சொல்லு, பந்திக்குப் போ" என்றார்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எதற்கென்று கேட்காமல் காட்டினோம், சொன்னோம், போனோம்.

அவருடைய திட்டம் எளிமையானது. பழைய மானியத்தில் ஆறு வண்டிகளை எங்கள் பெயரில் பதிந்து வைப்பது. மானியம் குறைந்து விலை ஏறியதும், ஏறிய விலைக்குக் கொஞ்சம் கீழே விற்பது. நடுவில் நிற்கும் காசு அவருக்கு. ஒன்றை மறந்துவிட்டார். ஒருவர் பெயரில் பதிந்துவிட்டால் அது பழைய வண்டி. ஒரு அடிகூட ஓடாவிட்டாலும் வாங்குகிறவன் இரண்டாவது ஓனர்தான். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் கிளப்புவார்கள். அடுத்தவர் பெயரில் இருந்த வண்டிக்கு யாரும் பழம் வாங்குவதில்லை. ஆறும் குடோனில் நின்றன. ஷோரூமில் அவற்றுக்கு எங்கள் பெயரே ஆகிவிட்டது. "கமலத்த சார்ஜுல போடு", "சொர்ணத்துக்குக் காத்து எறங்கிடுச்சி" என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் நான் இரவு ஷிப்டை விட்டேன். கடல் தாண்டி இருப்பவர்களின் பில் சந்தேகங்களுக்கு விடியும் வரை பதில் சொல்லும் வேலை. முதலில் தூக்கம் போனது. பிறகு மனிதர்களோடு பேசும் ஆசை போனது. விட்டதில் வருத்தம் இல்லை. ஆனால் இரவு ஷிப்டுக்கு வீட்டு வாசலுக்கே கார் வரும், பகல் வேலைக்கு வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியின் ஸ்டோரில் சேர்ந்தேன். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டில் ஒன்று தினமும் காலை வாரிவிடும். சனிக்கிழமை ஸ்டோர் மேனேஜர் ஷர்மிளா கூப்பிட்டார்.

"வேலை சுத்தமா செய்றீங்க. ஆனா லோடு லாரி உங்களுக்காக வாசல்ல நிக்காது. திங்கக்கிழமையும் லேட்டுன்னா நான் வேற ஆள் பாத்துக்குறேன்."

அதற்கு முன்பே வண்டி விசாரித்திருந்தேன். பூந்தமல்லியில் வேறொரு ஷோரூமில் கேட்டபோது, மானியம் குறைந்த பிறகு வந்த விலை என் சம்பளத்துக்கு எட்டவில்லை. மிச்சமிருக்கும் சொற்ப மானியமும் எனக்குக் கிடையாதாம். என் முகத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதாவது, குடோனில் நிற்கும் நீல வண்டிக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா போன் செய்தார்.

"எழிலு, ரெண்டு நிமிசம் ஷோரூமாண்ட வந்துட்டுப் போ. உன் வண்டிக்கு ஒரு பார்ட்டி வந்துகீறாரு. பேரு மாத்தணும். ஓடிபி உன் போனுக்குத்தான் வரும்."

"வரேன் மாமா" என்றேன். ஸ்ரீநாத்தின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஷோரூமில் அப்துல் முத்தலிப் பாய் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியில் பேக்கரி வைத்திருப்பவர். டீக்கடைகளுக்கு வர்க்கியும் பட்டர் பிஸ்கட்டும் அவருடையதுதான். நீல வண்டி அவர் முன்னால் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"இதோ வந்துட்டாங்க பாய், நம்ம மச்சினிச்சி" என்றார் மாமா. "வண்டியத் தொட்டதே இல்ல. கன்னி கழியாத வண்டி."

பாய் என் கையைப் பார்த்தார். "தொடாதவங்க இன்னாத்துக்கு நைனா ஹெல்மெட்டோட வந்துகீறாங்க?"

"நான் தொடல பாய்" என்றேன். "மாமா தொட்டிருக்காரு." போனை எடுத்து அபராத மெசேஜ்களைத் திறந்தேன். "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட ஹெல்மெட் இல்லாம ஒண்ணு. குமணன்சாவடியில ராங் சைடுல வந்ததுக்கு ஒண்ணு. ரெண்டும் என் பேர்ல. போட்டோல மூஞ்சி சரியா தெரியல, தொப்பை தெரியுது."

பாய் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மாமாவின் வயிற்றைப் பார்த்தார். "நல்லவேளை, தொப்பைக்குத் தனியா ஃபைன் போடல."

"டெஸ்ட் டிரைவு பாய்! கஸ்டமருக்குக் காட்ட வேணாமா?"

"அது கெடக்கட்டும். பேரு மாத்தணும்னா, நான் ரெண்டாவது ஓனரா? புதுசுன்னு சொன்னியே?"

"பேப்பர்ல மட்டுந்தான் பாய்."

"போலீஸ்காரன் பேப்பரத்தானே நைனா கேப்பான்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "எழிலு, நீ ஓடிபி சொல்லிட்டுக் கெளம்பு. மத்தத நான் பேசிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன் மாமா. வண்டிய நான் எடுத்துனு போறேன். கம்பெனிக்கு நீங்க எவ்ளோ கட்டுனீங்களோ அத மாசாமாசம் தந்துடுறேன். ஏறுன வெலையில லாபம்லாம் கெடையாது. மானியம் என் மூஞ்சிக்கு வந்தது. அது என்னுது."

"பாத்தியா பாய், குடும்பத்துக்குள்ள கணக்கு பேசுறா! ஏம்மா, அன்னிக்குக் காதுகுத்துல பிரியாணி துன்னும்போது இந்தக் கணக்கு எங்க போச்சி?"

"துன்னேன். உப்பு கம்மி."

"ரோஷினிக்கு போன் போடட்டா?"

"போடுங்க. அப்படியே அப்பா, அம்மா, பெரியம்மா, சித்தப்பா அல்லாரையும் வரச் சொல்லுங்க. ஆளுக்கொரு வண்டி கீதுன்னு நானே சொல்லிடுறேன்."

போனை எடுத்த மாமா அதைத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டார்.

"நான் சொல்லாம உங்களால விக்க முடியாது" என்றேன். "வித்துத்தான் ஆவணும்னு நின்னா பேட்டரி செத்துப்போவும். எனக்கு நாளைக்கு லோடு லாரி வரதுக்கு முன்னாடி அம்பத்தூர்ல இருக்கணும். அதுக்கு இந்த வண்டி வேணும்."

மாமா கால்குலேட்டரைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். பாய் எழுந்து புது வண்டிகளின் வரிசைப் பக்கம் போனார். ஒரு சிவப்பு வண்டியில் தொங்கிய விலை அட்டையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, நீயே சொல்லு. மானியத்தக் கொறச்சிட்டான். வெல ஏறிப்போச்சி. இதுக்கு என் பழைய பெட்ரோல் வண்டியே தேவல இல்ல?"

"ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க பாய்?"

"காத்தால மாங்காடு, குன்றத்தூரு. ஊட்டுக்கு வந்து துன்னுட்டு, அப்பால திருவேற்காடு. பங்க்குல கீற பையனுக்கு என் பொண்ணு பேரு வரைக்கும் தெரியும், அவ்ளோ வாட்டி போறேன்."

"அப்போ வாங்குங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி மார்க்கெட்டுக்குப் போறவங்கதான் மானியம் கொறஞ்சிடுச்சின்னு யோசிக்கணும். நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு, கொறஞ்சதெல்லாம் பெட்ரோல்லயே திரும்பிடும். உங்க மூஞ்சிக்கு வர கொஞ்சத்தையும் விடாதீங்க. யாருக்கும் குடுத்துடலியே?"

"நான் எந்தக் காதுகுத்துக்கும் போவலமா" என்றார் பாய்.

வாய்விட்டுக் கணக்குப் போட்டபடி சிவப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சீட்டைத் தூக்கி, பிஸ்கட் டப்பா நிற்குமா என்று கையால் அளந்தார். "இதப் போடு நைனா. என் பேர்ல போடு. முதல் ஓனர்னு தெளிவா போடு."

மாமாவின் முகம் தெளிந்தது. அந்த மாதத்தில் முழு விலைக்குப் போகும் முதல் வண்டி அது. அதை விற்றது நான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சார்ஜர் குடோன்ல கீது, வா" என்றார்.

நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன். குடோனின் இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே தூசித் துணி போர்த்திக்கொண்டு மற்ற ஐந்தும் வரிசையாக நின்றன. பந்திக்குக் காத்திருப்பதுபோல. மாமா சார்ஜரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்.

"மொத தவணை?"

"சம்பளத்தன்னிக்கு. அந்த ரெண்டு ஃபைனையும் நீங்க கட்டிடுங்க."

"ராட்சசி."

"உங்க பொண்டாட்டியோட தங்கச்சி."

பழக்க தோஷத்தில் அவர் கை ஜன்னல் ஓரம் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டது.

"பழைய வண்டிக்கு யாரு மாமா பழம் வெப்பாங்க?" என்றேன். அதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹெல்மெட்டை மாட்டினேன். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நாளைக்கு லாரி வரும்போது ஸ்டோர் வாசலில் நான் நின்றுகொண்டிருப்பேன். சந்து முனையில் திரும்பும் முன் கண்ணாடியில் பார்த்தேன். மாமா குடோன் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே அப்பா, அம்மா, ஸ்ரீநாத், பெரியம்மா, சித்தப்பா. பூட்டைப் போட்டவர், மாட்டிவிட்டதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தார்.