பெல்ட்டில் படிந்த வண்டல்

பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர் மார்க்கெட்டுக்குத் தினமும் மீன் கொண்டுபோகிறவள் கஸ்தூரி. ஐஸ் பெட்டியை இனி ஏற்ற மாட்டேன் என்று ஷேர் ஆட்டோக்காரர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காட்டூரில் நெல் பயிரிடும் கங்காதரன் தன் பதின்மூன்று வருடக் காரை விற்கிறார் என்று தெரிந்ததும், கொழுந்தன் லோகநாதனின் பைக்கில் ஏறிக் கிளம்பிவிட்டாள். அவன் படகு எஞ்சின் மெக்கானிக். கார் வேலையும் ஓரளவு தெரியும்.

வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. கஸ்தூரி பானட்டில் கை வைத்தாள். சுட்டது.

“காலைலயே எங்கனா போய்ட்டு வந்தீங்களாண்ணே?”

“இல்லம்மா. நீங்க வர்றீங்கன்னு சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்.”

லோகநாதன் உதட்டைப் பிதுக்கினான். “ஆறட்டும் அண்ணி. ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணாத்தான் இன்னா ஏதுன்னு தெரியும்.”

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். கங்காதரன் போட்ட நாற்காலியில் கஸ்தூரி உட்காரவே இல்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரைத் தடவினாள், கதவுகளைத் திறந்து மூடினாள், குனிந்து அடியில் பார்த்தாள். லோகநாதன் ஆயிலைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான். கடைசியில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

“நல்ல வண்டி அண்ணி” என்றான்.

அப்போதும் அவள் மனம் அடங்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தாள். மாட்டாமல், இழுத்துக்கொண்டே போனாள். முழுதும் வெளியே வந்தபோது அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

“இது இன்னாண்ணே?”

“தூசியா இருக்கும்மா.”

“ஏரிக்கரைல பொறந்தவ நானு. தூசிக்கும் வண்டலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

கங்காதரன் பெல்ட்டை வாங்கித் திரும்பச் சுருளவிட்டார். வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சுதாதான் இறங்கி வந்தாள்.

“அந்த டிசம்பர் வெள்ளத்துல நாலு நாள் தண்ணில நின்னுச்சுக்கா. சீட்டு வரைக்கும் முங்கிடுச்சு. எல்லாத்தயும் பிரிச்சு காயவெச்சு ரிப்பேர் பண்ணாரு. அதுக்கப்புறம் ஒரே ஒரு தபா, அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டு கிட்ட நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல தானா ஸ்டார்ட் ஆய்டுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எந்த மெக்கானிக்காலயும் சொல்ல முடியல.”

“அதுக்கப்புறம் நல்லாத்தான்மா ஓடுது” என்றார் கங்காதரன், தரையைப் பார்த்தபடி.

கஸ்தூரி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். “எஞ்சின் சுத்தமா இருக்கு அண்ணி. வயருக்குள்ள எங்க துரு ஏறிக்கீதுன்னு நான் எப்டி சொல்றது? நாளைக்கே நின்னாலும் நிக்கும். அஞ்சு வருஷம் நிக்காம ஓடுனாலும் ஓடும்.”

காரை வாய்க்கால் கரை வரை அவளே ஓட்டிப் பார்த்தாள். அலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மனமில்லை. ஆனால் உச்சி வெயிலில் நடுரோட்டில் கார் நிற்பதும், பின்னால் ஐஸ் உருகி இறால் நாறுவதும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்து சாவியை நீட்டினாள்.

“வேணாண்ணே.”

வரும் வழியில் இரண்டு முறை, “லோகு, வண்டிய திருப்பு” என்றாள். இரண்டு முறையும் அவன் வேகத்தைக் குறைப்பதற்குள், “வேணாம், போ” என்றாள்.

எட்டு மாதம் ஆகிறது. இப்போது சரக்கு ஆட்டோவில் பின்னால் நின்றபடி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறாள். அந்தக் காரை மீஞ்சூர் காய்கறிக்காரர் ஒருவர் வாங்கினார். வாரத்தில் இரண்டு நாளாவது அது அவளைத் தாண்டிப் போகிறது. அடைமழையிலும் போயிற்று. அது ஒருநாளும் நின்று அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அது வளைவில் மறையும்வரை பார்ப்பாள். ஓடட்டும் என்று நினைக்கிறாளா, நிற்கட்டும் என்று நினைக்கிறாளா என்பது அவளுக்கே பிடிபடவில்லை.

“தப்பு பண்ணிட்டனா லோகு?” என்று நேற்றும் கேட்டாள்.

“எனக்கு இன்னா தெரியும் அண்ணி? இன்னிக்கி வரைக்கும் ஓடுது. அவ்ளோதான் தெரியும்.”

கஸ்தூரி காலி ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“பொன்னேரில ஒரு வண்டி இருக்குதாம். ஞாயித்துக்கெழம வர்றியா?”