யாரும் இல்லாத நேரத்து மருந்து

வண்டியூரில் மாயக்காள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் மதியச் சோறு சாப்பிடுவார்கள். மருமகள் அன்னக்கொடி மட்டும் உட்கார மாட்டாள். பரிமாறி முடித்து, எல்லோரும் கை கழுவி எழுந்து, மாமியார் வெற்றிலையோடு வாசலுக்குப் போன பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய்விடுவாள்.

"நம்மளோட உக்காந்து திங்க மகாராணிக்கு வாய் கூசுது போல" என்பாள் மாயக்காள், அவள் காதில் விழும்படியாகவே.

வாய் கூசவில்லை, பாவம். அந்த ஒரு வாய்தான் அவளுக்கு எல்லாவற்றுக்கும் இருந்தது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட பிறகு மூச்சும் அந்த வழி, சோறும் அந்த வழி. ஒரு கவளம் போட்டால், மெல்லுவதை நிறுத்தி வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டுதான் அடுத்த மெல்லு. நாலு பேர் முன்னால் அப்படிச் சாப்பிட முடியுமா? அதனால் மாட்டுக்குப் பக்கத்தில் சாப்பிட்டாள். மாடு யாரிடமும் போய்ச் சொல்லாது. குழம்பு ஊசிப்போனதா, தாளித்தது கருகிவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. உப்பும் உறைப்பும் நாக்கில் தட்டும்; மற்றதெல்லாம் வெறும் சக்கை.

இது நாகமலை புதுக்கோட்டையில், பிறந்த வீட்டில் இருந்தபோதே வந்த நோய். பீனிசம் என்றார்கள். நொச்சித்தழை ஆவி பிடித்தார்கள், கோடங்கியிடம் குறி கேட்டார்கள். கடைசியில் டவுனில் ஒரு மூக்கு டாக்டர் பார்த்து, உள்ளே புண்ணாகிச் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்து எடுத்தார். எடுத்த பிறகு மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்தும் எழுதிக்கொடுத்தார்.

"ஸ்டீராய்டுன்னு யாராச்சும் பயமுறுத்துவாங்க. பயப்படாதம்மா. ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு, மூக்குக்குள்ளதான் வேலை செய்யும். காலையில, சாயங்காலம், தவறாம அடிக்கணும். நானாச் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நிறுத்துனா சதை திரும்பவும் தலைகாட்டும்."

அவளும் தவறாமல் போட்டாள். சில வாரம் கழித்து ஒரு நாள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி மடியில் கொத்தமல்லிக் கட்டு வைத்திருந்தாள். அந்த வாசனை சட்டென்று மூக்கில் ஏறியபோது அன்னக்கொடி அங்கேயே அழுதுவிட்டாள். கொத்தமல்லிக்காரி பயந்துபோய் ஒரு கொத்தைக் கிள்ளிக் கையில் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து வந்த வரன், "புள்ளைக்கு மூக்குச் சீக்காம்ல" என்ற ஒரே பேச்சில் தட்டிப்போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தாய் இருளாயி பயந்துவிட்டாள். வண்டியூர் சம்பந்தம் கூடிவந்ததும் மகளைத் தனியே அழைத்தாள்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லியிருக்காக. நான் ஒரு பொய்கூடச் சொல்லலத்தா, சும்மா இருந்துட்டேன். நீயும் சும்மா இரு. இந்த மருந்த யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போட்டுக்க."

தாய்க்குத் தெரியாதது ஒன்று உண்டு. கூட்டுக்குடும்பத்தில் யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. மாமியார் வயலுக்குப் போனால் நாத்தனார் இருப்பாள். நாத்தனார் போனால் பக்கத்து வீட்டு ராமக்காள் உரலைத் தேடிக்கொண்டு வருவாள். அன்னக்கொடி மருந்துப் புட்டியை டிரங்குப் பெட்டிக்கு அடியில், ரவிக்கைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மூக்கு ரொம்ப முட்டுகிற நாளில் மட்டும், அதுவும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரு தடவை அடித்துக்கொள்வாள். போட்ட மருந்தைவிடப் போடாத மருந்துதான் அதிகம். சதை மறுபடி வளர்ந்தது.

படுத்தால் குறட்டை வரும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். கிட்டே வந்தால் மூச்சில் வாடை தெரியுமோ என்று புருஷனைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காசிமாயன் தெப்பக்குளத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். அதிகம் பேசத் தெரியாதவன். ஒரு முறை மட்டும் கேட்டான்.

"என்னைய அம்புட்டுக்குப் பிடிக்காமப் போச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாயில்லை. அவனும் அதன் பிறகு கேட்கவில்லை. அத்தனை பேர் இருந்த வீட்டில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. அவள் படும் பாடு தெரிந்திருந்தால் அல்லவா யாராவது இருப்பார்கள்!

கல்யாணமாகி இரண்டாவது தை வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை. தெப்பத் திருவிழாவுக்குக் கட்ட மருமகளின் பட்டுச்சேலையை வெயிலில் போடலாம் என்று மாயக்காள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ரவிக்கைத் துணிக்குள்ளிருந்து புட்டி உருண்டு வந்தது. உரல் தேடி வந்த ராமக்காள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது புள்ளை உண்டாகாம இருக்க டவுன்காரிக வச்சுக்கிற மருந்துல்ல!"

மாயக்காளின் அலறல் தெரு முனை வரைக்கும் கேட்டது. சாப்பிட வந்த காசிமாயன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"பாத்தியாடா? நம்ம வம்சம் தழைக்கக் கூடாதுன்னு மருந்து வச்சிருக்காடா! அதான் ஓம் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறா!"

காசிமாயன் மனைவியைப் பார்த்தான். "ஆத்தா சொல்றது நெசமா?"

அன்னக்கொடி புட்டியையே பார்த்தாள். பேசினால் சீக்காளி, பேசாவிட்டால் வம்சத்தை அழித்தவள். இரண்டில் எது சின்னக் குற்றம் என்று அந்தப் பேதைக்குத் தெரியவில்லை.

"சரி. கெளம்பு" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "ஓன் ஆத்தா வீட்டுல கொண்டு போயி விட்டுர்றேன். வேணாம்னு இருக்கவள வச்சு நான் என்ன செய்ய?"

அவன் குரல் உடைந்ததுதான் அவளை உடைத்தது. எட்டி ராமக்காள் கையிலிருந்த புட்டியை வாங்கினாள். குலுக்கினாள். எல்லோரும் பார்க்க, மூக்கின் ஒரு பக்கம் வைத்து அடித்தாள், மறு பக்கம் அடித்தாள். பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். முதல் தடவையாக, முகத்தைத் திருப்பாமல்.

"மூக்குக்கு அயித்த. சதை வளந்து ஆபரேசன் பண்ணுன மூக்கு. திரும்ப அடைச்சுக்கிருச்சு. ஒங்களோட உக்காந்து திங்க முடியல. படுக்க முடியல. சீக்காளின்னு அனுப்பிருவீகளோன்னு…"

ராமக்காளுக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. காசிமாயன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அவன்தான் அதே மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் மூக்கினுள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"தினமும் போட்டியாம்மா?"

"யாரும் இல்லாதப்பப் போட்டேன்."

"வலி வந்தப்ப மட்டும் போட்டுக்க இது தலைவலி மாத்திரையா? தினமும் போட்டாத்தாம்மா சதையத் தலையெடுக்க விடாது. இப்பத் திரும்ப ஆபரேஷன்தான் செய்யணும்."

ஆபரேஷன் முடிந்து மூக்கில் பஞ்சும் கட்டுமாக அவள் படுத்திருந்தபோது இருளாயி பார்க்க வந்தாள். துணைக்கு உட்கார்ந்திருந்த சம்பந்தி மாயக்காளைப் பார்க்கத் தைரியமில்லாமல் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரி சும்மா இருக்காமல், "புள்ளைக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்தா, லேசாச் சளி பிடிச்சிருக்கு" என்றாள் இருளாயி, பழக்கதோஷத்தில்.

மாயக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னுமா மதினி மறைக்கிறீக? மூடி மறைச்சுத்தான புள்ள இன்னொரு வாட்டி கத்திக்குப் படுத்திருக்கு! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

இருளாயி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சொல்லியிருந்தா எம் மகள எடுத்திருப்பீகளா மதினி?"

மாயக்காள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மருமகள் கட்டிலிலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அந்தக் கண் முன்னால் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"எடுத்திருக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. பிறகு பக்கத்துக் கட்டில்காரி பக்கம் திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எம் மருமகளுக்கு மூக்குல சதை வளந்துச்சு. எடுத்தாச்சு. இனிமே தினமும் மருந்து போடுவா, நடுவீட்டுல நின்னு போடுவா. மறைச்சது இவுக தப்புன்னா, மறைக்க வச்சது எங்க தப்பு. சீக்குன்னதும் பொண்ணு வேணாம்ங்குறோம் பாருங்க, அந்தப் புத்திய மாத்திக்கிட்டாத்தான் பொம்பளப் புள்ளைக பயமில்லாம வைத்தியம் பாத்துக்கும்!"