கடைசி இரண்டு கம்புகள்

பன்னிரண்டு கம்புகளில் பத்தை அழகாகப் பின்னிக்கொண்டு வந்துவிட்டு, கடைசி இரண்டை மட்டும் நாய் பிக்கி சீந்துவதே இல்லை. பயிற்சிக்காக வரிசையில் நட்ட கம்புகளுக்குள் ஊசி துணியில் ஏறி இறங்குவதுபோல வலமும் இடமுமாக வளைந்து வரும். பத்தாவது தாண்டியதும், வேலை முடிந்துவிட்டது என்கிற முகத்தோடு வெளியே வந்து வாலை ஆட்டும்.

"ஏண்டி இப்படிப் பண்றே?" என்று ரைலி கேட்பாள். கறுப்பு மூஞ்சியில் இரண்டு காதும் நிமிர்ந்து நிற்கும். நீதானே சொன்னே என்பதுபோல ஒரு பார்வை. ஆனால் தான் எதுவும் சொன்னதாக ரைலிக்கு ஞாபகம் இல்லை.

பிக்கி உண்மையில் அவள் நாய் இல்லை, மகள் வில்யாவுடையது. நர்ஸ் படிப்புக்கு வடகோடியிலிருக்கிற ரொவானியெமி போனபோது, ஒரு மாதம் பார்த்துக்கொள்ளம்மா என்று விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு மாதம் இரண்டு வருஷமாகிவிட்டது. ஈசால்மியில் டவுன் பஸ் ஓட்டுகிற ரைலிக்கு முதலில் அந்த நாய் வேண்டாத சுமைதான். பொழுது போகட்டுமே என்று, கட்டை தாண்டி கம்பு வளைந்து ஓடப் பழக்குகிற நாய் ஓட்டக் கிளப்பில் சேர்ந்தாள். இப்போது பைத்தியம் பிடித்துவிட்டது. பஸ்ஸை ஓட்டிக்கொண்டே, அடுத்த வளைவில் பிக்கி எந்தத் தோளைச் சாய்க்கும் என்று யோசிக்கிற அளவுக்குப் பைத்தியம்.

இந்த நேரத்தில்தான் வில்யா போன் செய்தாள். நாய் வைத்துக்கொள்ள விடுகிற வீடு கிடைத்துவிட்டதாம், பிக்கியைக் கூட்டிப்போக வருகிறாளாம். நவம்பரில் போட்டி இருக்கிறது, நாய்க்கு இந்த ஓட்டம் என்றால் உயிர் என்று ரைலி என்னென்னவோ சொன்னாள்.

"சரி, வந்து பாக்குறேன். அவளுக்கு நிஜமாவே பிடிச்சிருந்தா அங்கேயே இருக்கட்டும். நீ படுத்துறியேன்னு ஓடுறதா இருந்தா கூட்டிட்டு வந்துடுவேன்மா," என்றாள் வில்யா. கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம், அம்மா..." என்று இழுத்தாள்.

"நோ நீன், காலையில முதல் வண்டி என்னுது," என்று ஊர் வழக்கப்படி பேச்சை முடித்து ரைலி போனை வைத்துவிட்டாள். அடுத்தவர் நேரத்தைத் தின்னக் கூடாது என்பது அவள் கொள்கை.

அன்றிலிருந்து அந்த இரண்டு கம்புகள்தான் அவளுக்கு உலகம். பாதியில் ஓடிவருகிற நாயைப் பார்த்தால் வில்யா என்ன நினைப்பாள்? அம்மாவிடமிருந்து தப்பித்து ஓடுகிறது என்றுதானே.

பழைய குதிரைக் கொட்டடியில்தான் கிளப் நடக்கிறது. அங்கே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆடு மேய்க்கிற மூன்று நாய்களும் முந்நூறு அபிப்பிராயங்களும் வைத்திருக்கிற சினிக்கா, கம்புக்குக் கம்பு இடைவெளி சரியில்லை என்றாள். டேப் வைத்து அளந்தார்கள், சரியாகத்தான் இருந்தது. முதுகுவலியாக இருக்கும் என்றாள். நாய் டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, முதுகு உங்களுக்குத்தான் வலிக்கும்போல என்று ரைலியைப் பார்த்துச் சொன்னார். ஆரம்பப் பாடத்துக்கே திரும்பிப்போய், கம்புகளை இரண்டு வரிசையாகச் சந்துபோல நட்டு, வாரா வாரம் அந்தச் சந்தின் அகலத்தைக் குறைத்தார்கள். பக்கவாட்டில் வெளியேற வழியில்லாத சந்து இருக்கிறவரை பிக்கி கடைசிவரை ஓடியது. கம்புகள் ஒரே வரிசைக்கு வந்ததும் பழைய கதைதான்.

பத்தாவது கம்பில் அப்படி என்னதான் தெரிகிறது என்று ஒருநாள் ரைலியே மரத்தூளில் மண்டியிட்டு, கம்புகளுக்கு நடுவே தவழ்ந்து போனாள். பதினொன்றாவது தெரிந்தது. பன்னிரண்டாவதும் தெரிந்தது. அதற்கப்பால் சினிக்காவின் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது, அது சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. பிக்கி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிற கவலையோடு பார்த்தது.

கடைசியில் கௌக்கோ எழுந்து வந்தான். காட்டில் மரம் வெட்டும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். வாரத்துக்கு ஒரு வாக்கியம் போதும் என்று இருக்கிற ஆள். வாயே திறக்காமல் கையை மட்டும் காட்டி பிக்கியைக் கம்புகளுக்குள் அனுப்பினான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எதுவுமே நடக்காததுபோல பிக்கி முடித்துவிட்டு வந்தது.

ரைலிக்குப் பொறாமையில் காது சிவந்துவிட்டது. அப்படியென்றால் கம்பில் கோளாறில்லை, முதுகில் கோளாறில்லை, அவளிடம்தான் கோளாறு. வில்யாவின் சந்தேகம் சரிதானோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

பயிற்சி முடிந்து எல்லோரும் பக்கத்து அறையில் காபி குடித்தார்கள். நாய்கள் மேஜைக்கடியில் கட்டைபோலக் கிடந்தன. ரைலி ஏலக்காய் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டு, கோப்பையைத் தள்ளி வைத்து, "நோ நீன்," என்றாள்.

இந்த நாட்டில், 'சரி, அப்போ' என்கிற அந்த வார்த்தை இல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது, எதுவும் முடியாது. சாப்பாடு முடிந்தால் நோ நீன், சாவுக்குப் போனால் கிளம்புமுன் நோ நீன். ரைலியின் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வருமுன்னே அவள் வாயில் நோ நீன் வந்துவிடும், கிழவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

மேஜைக்கடியில் பிக்கி எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. கதவுப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

ரைலிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"கௌக்கோ, கம்புல ஓடும்போது நான் ஏதாவது பேசுறேனா?"

கௌக்கோ காபியை நிதானமாக விழுங்கினான். "பத்தாவதுல சொல்லுவ. ஒவ்வொரு தடவையும்."

"அதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"நீ அதோட பேசுறேன்னு நெனச்சேன்."

சினிக்கா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். ரைலிக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜம்தானா என்கிற அரிப்புதான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தாள். அதே ராகத்தில் "கேரட்" என்றாள். பிக்கி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "பேருந்து நிலையம்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டது. "நோ நீன்" என்றதும் எழுந்து கதவுக்குப் போய்விட்டது. பாவம், அது எதையும் பாதியில் விடவில்லை. முடிந்தது, கிளம்பலாம் என்று இவள் சொன்னாள், அது கிளம்பியது. எத்தனை ஒழுங்கான நாயை இத்தனை நாள் திட்டியிருக்கிறோம் என்று ரைலி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கண்டுபிடித்தது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். அந்த வார்த்தை அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முடிவு கண்ணில் பட்டதுமே தானாக வழுக்கி வந்துவிடும். காலுறையைக் கவ்விக்கொள் என்று சினிக்கா யோசனை சொன்னாள். உப்பு அதிமதுர மிட்டாயைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொள் என்றான் கௌக்கோ. அது அந்த வாரத்து வாக்கியம். மிட்டாய்தான் சரிப்பட்டது.

போட்டியன்று வில்யா தடுப்புக்கு வெளியே, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். ரைலி அதைப் பார்த்தாள், ஆனால் மிட்டாய் வாயில் இருந்தது, முறையும் வந்துவிட்டது.

தாண்டல்கள் முடிந்து கம்பு வரிசை வந்தது. முதல் கம்பு இடது தோளுக்கு வரும்படி பிக்கி சரியாக உள்ளே நுழைந்தது. எட்டு. ஒன்பது. ரைலியின் தொண்டையில் வார்த்தை ஏறிவந்தது, மிட்டாயை நறுக்கென்று கடித்தாள். பத்து. பிக்கியின் காது ஒன்று அவள் பக்கம் திரும்பியது, காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. சரி, இன்னும் இருக்கிறதுபோல என்று பதினொன்றுக்குள் வளைந்தது. பன்னிரண்டு. கடைசித் தாண்டலில் கட்டை ஒன்று விழுந்தது. விழட்டுமே. பிக்கி அவள் மார்பில் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது.

காபி அறை மூலையில் வில்யாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிக்கி இருவர் காலுக்கும் நடுவே படுத்தது.

"இங்கேயே இருக்கட்டும்மா. பாத்தாலே தெரியுது, உன் மேல உயிரா இருக்கா," என்றாள் வில்யா.

ரைலிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேண்டியது கிடைத்துவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது. பழக்கம்போல வார்த்தை உதடுவரை வந்தது. ஆனால் இத்தனை நாள் பழகிய பல் தானாக மூடிக்கொண்டது. வில்யா பன்னின் மேலிருந்த சர்க்கரைத் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். பிக்கி அசையவில்லை.

"அங்க எனக்கு யாரும் இல்லம்மா," என்றாள் வில்யா, சர்க்கரையைப் பார்த்தபடி. "க்ளாஸ் முடிஞ்சு வந்தா அடுத்த நாள்வரைக்கும் வாய் திறக்க ஆள் கிடையாது. மூணு மணிக்கே இருட்டிடுது. எத்தனையோ தடவை உன்கிட்ட சொல்ல வந்தேன். நீ நோ நீன்னு சொல்லிடுவ. சரி, நாயாவது கூட இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

அத்தனை போன்களிலும், ரைலி சொந்தப் பிள்ளையைப் பத்தாவது கம்பிலேயே வெளியே அனுப்பியிருக்கிறாள். பெரிய கொள்கை, அடுத்தவர் நேரம். வெட்கமும் பாசமும் ஒன்றாகப் பொங்கி, கண்ணில் நீர் கட்டியது.

"கூட்டிட்டுப் போ," என்றாள்.

"வேணாம்மா, உனக்கு..."

"இருட்டு மாசம் போற வரைக்கும் வச்சுக்கோ. லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் ரயிலேறி வர்றேன். அவளைப் பாக்க இல்ல, உன்னைப் பாக்க."

வில்யா கையை நீட்டி அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பஸ்ஸில் பிடிப்பதுபோல. வெளியே கௌக்கோ கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கோப்பைகளில் காபி ஆறிப்போனது.

கடைசியில் வில்யா முகத்தைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, "நோ நீன்," என்று எழுந்தாள்.

பிக்கி எழுந்தது, சோம்பல் முறித்தது, கதவுப் பக்கம் போய் நின்று இருவரையும் பார்த்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு," என்றாள் ரைலி.

வில்யா உட்கார்ந்தாள். பிக்கி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, பெருமூச்சு விட்டு, பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.