நாற்பத்திரண்டு மட்டும் நகரவில்லை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது என் கடைவாய்ப் பல். பல் மருத்துவருக்கும் பொறியியல் சேர்க்கை ஆலோசகருக்கும் காத்திருக்கும் கூடம் ஒன்றுதான். இடப்பக்கக் கதவு பல்லுக்கு, வலப்பக்கக் கதவு படிப்புக்கு. வெளியே வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தில் கை வைத்தபடி வருவதால், யார் எதற்கு வந்தவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு தகப்பனார் கதவு மாறி நுழைந்து, மகனுக்குக் கணினிப் பிரிவு கிடைக்குமா என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு பல்லை இழந்தார். போகும்போது, மற்ற இடங்களைவிட இங்கே சேதம் குறைவு என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

(நம்பாதவர்கள் அவருடைய பற்களை எண்ணிக்கொள்ளலாம்.)

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'வானம் கறுத்துக்கொண்டு வந்த அந்த மாலையில்' – இல்லை, நல்ல வெயில்.

'அந்த ஏமாற்றுக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி' – இதை எழுதியதற்காகப் பின்னால் வருந்தினேன். காரணம் நான்காம் பகுதியில்.

ஆலோசகருக்கு ஊரார் வைத்த பெயர் 'சதவீதம்'. மழை வருமா என்று கேட்டால் நாற்பது என்பார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் எழுபது என்பார். அவருடைய அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புதான். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

3

உள்ளே ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவருடைய மகள். கல்லூரிகளை விருப்ப வரிசையில் போட்டு, ஐந்து மணிக்குள் கணினியில் பூட்டிவிட வேண்டும்.

"மொதல்ல எதைப் போடுறதுன்னு மட்டும் சொல்லிடுங்க சார்."

"அதைச் சொல்ல மாட்டேன். கணக்குதான் சொல்லுவேன். பக்கத்துக் காலேஜ் உங்க பொண்ணோட மார்க்குக்கு உறுதி. பீஸும் முழுசாத் தள்ளுபடி. தூரத்துக் காலேஜ்ல சீட்டு கெடைக்க அறுபது. கெடைச்சா, உதவித்தொகை வர முப்பது."

"வருமா வராதான்னு எப்பத் தெரியும்?"

"சீட்டு வாங்கி ஒரு மாசம் கழிச்சு."

"அதுவரைக்கும் பக்கத்துக் காலேஜு?"

"மொதல்ல போட்டது கெடைச்சிட்டா ரெண்டாவது போயிடும். வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க."

காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் குரல்.

"பெருக்கிப் பாத்துட்டேன்பா. தூரத்தை மொதல்ல போட்டா, சீட்டும் உதவியும் சேந்து வரப் பதினெட்டு. சீட்டு வராம பக்கத்துல சேர நாப்பது. சீட்டு வந்து உதவி வராம, பீஸ் கட்ட வழியில்லாம, ரெண்டு காலேஜும் இல்லாம நிக்க நாப்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டா..."

"பாலம் கட்டுற படிப்பு அங்கதான்பா இருக்கு."

"கம்பி அறுந்தாக்கூட லிஃப்ட்டுக்குக் கீழ பிரேக்கு புடிக்கும்மா. இதுல பிரேக்கு எங்க இருக்கு?"

"பக்கத்துக் காலேஜை மொதல்ல போட்டா அதான் பிரேக்கு."

"அப்பப் போட்டுடு."

"பிரேக்கு புடிச்ச லிஃப்ட்டு மேல போகாதுப்பா."

மெக்கானிக் சிரித்தார். நடுவிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரிப்பேர் பாத்து முடிச்ச லிஃப்ட்டுல மொத ஆளா நான்தான் ஏறுவேன். அதுதான் எங்க வேலையில வழக்கம். எனக்குப் பயமே வந்ததில்ல. இதுல நீயில்ல ஏறப்போற."

4

அப்போது ஆலோசகர் வெளியே வந்தார். பூட்டும் நேரம் நெருங்கினால் எழுந்து வந்துவிடுவது அவர் தொழில்முறை. அறையில் இல்லாதவர்மேல் யாரும் பழி போட முடியாதல்லவா. முதல் பிரதியில் இங்கே அவரை ஒரு சிகரெட் பிடிக்க வைத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனிதரின் முழங்கால்கள் தட்டச்சு இயந்திரம்போல் அடித்துக்கொண்டன.

"பெரியவரே, நான் எப்பவும் பத்து கொறைச்சுத்தான் சொல்லுவேன்."

"எதுக்கு?"

"ஒரு தடவை ஒரு பையனுக்குத் தொண்ணூறுன்னு சொன்னேன். மிச்சப் பத்துல போய் விழுந்தான். அவங்க அம்மா எதிர்ல வந்தா இப்பவும் நான் சந்துல திரும்பிடுவேன்."

"அப்ப இந்தப் பொண்ணுக்கு?"

"சீட்டுக்கு எழுபது. உதவிக்கு நாப்பது."

விரலில் பெருக்கிப் பார்த்தேன். பதினெட்டு இருபத்தெட்டாக ஏறியது. பக்கத்துக் கல்லூரியின் நாற்பது முப்பதாக இறங்கியது. ஒன்றுமே இல்லாமல் நிற்பது, எழுபதில் அறுபது சதவீதம், அதே நாற்பத்திரண்டு. அது மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

(இன்னொரு முறை பெருக்கினேன். நீங்களும் பெருக்கிப் பாருங்கள். எனக்குத் துணை வேண்டியிருக்கிறது.)

"போய்ச் சொல்லுங்கய்யா."

"நான் சொல்லித்தான் போட்டாங்கன்னு ஆயிடும். நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

நான் எழுந்தேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள்.

5

வாயைத் திறந்து வைத்தபடி மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் தூரத்தை முதலில் போட்டாள், எல்லாம் கிடைத்தது. பிற்காலத்தில் அவள் கட்டிய பாலம் எவ்வளவு நீளமென்றால், இந்தக் கரையில் காலைப் பலகாரம் முடித்துப் புறப்பட்டவர்கள் அந்தக் கரையில் தாடியோடு இறங்கினார்கள்.

இரண்டு: பக்கத்தை முதலில் போட்டாள். நன்றாகப் படித்தாள். மெக்கானிக் நிம்மதியாகத் தூங்கினார். எங்காவது ஒரு பாலத்தைக் கடக்கும்போது மட்டும் இருவரும் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

மூன்று: சீட்டு வந்தது. ஒரு மாதம் கழித்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் மகள் போனை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு

இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லியே பழகியவன் நான், ஆனால் இது பொய்யாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே.

6

வெளியே வந்துவிட்டேன். பாதி முகம் மரத்துப்போய், வாயில் பஞ்சு. பேச முயன்றால் கொதிக்கும் பாத்திரத்தின் சத்தம்தான் வருகிறது. ஆலோசகர் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விடமாட்டேன் என்கிறார். ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம், "கைய எடுப்பா, ஸ்க்ரீன் தெரியல" என்கிறாள் அவள்.

இருபத்தெட்டு என்று தெரிந்தால் அவள் துணிவாள். தெரியாவிட்டால் ஒருவேளை பிழைப்பாள். ஒருவேளை அதைப் பிழைப்பு என்று அவள் சொல்லாமலும் போகலாம். அவளுக்குத் தெரியாத இரண்டு எண்கள் இப்போது மூன்று பேருக்குத் தெரியும். ஒருவருக்குக் கால் வரவில்லை, இன்னொருவனுக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. சொல்வதா வேண்டாமா என்பதை நடந்துகொண்டே யோசியுங்கள். வலப்பக்கக் கதவு. மாறி நுழைந்துவிடாதீர்கள்.