மணியன் கை நனைக்கும் கதை

1

இந்தக் கதை ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் கிடைத்தது. பந்தி முடிந்து கை கழுவப் போனேன். பெரியவர் ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு பெஞ்சில் படுத்திருந்தார். வியர்வை ஊற்றியது. மாரடைப்பென்று கத்தப் போனேன். கையமர்த்தினார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. பாயசம் குடிச்சுப்போட்டேன். செத்த நேரம் படுத்தாச் செரியாப் போயிரும்."

ஏன் குடித்தார் என்று கேட்காமல் வந்துவிட்டேன். (கேட்டிருந்தால் எழுதும் வேலையே இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'வேகஸ் எனப்படும் நரம்பானது...'

வேண்டாம், ஓடிவிடுவீர்கள். இளவயதில் அவருக்கு வயிற்றுப்புண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் சுரக்கத் தூண்டும் நரம்பை வெட்டினார்கள். புண் ஆறியது. ஆனால் அன்றிலிருந்து சாப்பிட்டது இரைப்பையில் நிற்காமல் குடலுக்குள் சரிந்துவிடும். இனிப்பென்றால் இன்னும் வேகம். படபடப்பு, வியர்வை, மயக்கம். நாக்கின் நரம்பை மட்டும் யாரும் தொடவில்லை.

3

அவருக்கு மணியன் என்று பெயர் வைத்தேன். ஆட்டையாம்பட்டிக்காரர். மகள் உஷாராணி ராசிபுரத்துப் பையன் ஒருவனை விரும்புகிறாள். பேசி முடிக்க அவரும் மனைவி மயிலம்மாளும் பையன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம்.

இலை போட்டாயிற்று. முதலில் பாயசம்; அதைத் தொட்டால்தான் கை நனைத்ததாகக் கணக்கு.

"இனிப்பத் தொடாம எப்படீங்க?" என்கிறார் பையனின் அப்பா மருதாசலம். "ஒரு வாயாச்சும் குடிங்க."

('ஆபரேசன் பண்ணுன வயிறுங்க' என்று மணியனைச் சொல்லவைத்துப் பார்த்தேன். மயிலம்மாள் காதோடு தடுத்துவிட்டாள்: "ஏனுங்க, சொல்லீராதீங்க. சீக்காளி ஊட்டுப் பொண்ணும்பாங்க." அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: குடிக்கிறார். சம்பந்தி வீட்டு நடையிலேயே சுருண்டு...

முடிவு இரண்டு: கிண்ணத்தை நகர்த்துகிறார். ஊரில் காத்திருக்கும் உஷாராணி...

எழுதக் கை வரவில்லை.

மகளுக்காக மட்டும் அவர் தவிக்கிறார் என்று எழுதினால் பொய். வெல்லமும் நெய்யும் மணக்கின்றன. இத்தனை வருடம் அடுத்தவர் இலையில் பார்த்த பாயசம். அவருக்கு அது வேண்டும். குடித்துவிட்டு எல்லோரையும் போல உட்கார்ந்து வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

போன் அடிக்கிறது. உஷாராணி.

"அப்பா, கை நனைச்சாச்சுங்களா?"

மணியன் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பெஞ்சில் படுத்திருந்த அந்தப் பெரியவர், அத்தனை வியர்வையிலும், உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார்.